நாலாவது கூப்பாடு

வங்காள விரிகுடாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாட்சி சொல்ல வரும்படி உத்தரவு போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டவாலி சார். கூப்பிட்டதோடு விட்டாரா என்றால் இல்லை. கடல் வந்து சாட்சி சொன்னது என்று சாகும்வரை சாதித்தார்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்பில் எங்கள் சர்ச்சின் ஞாயிறு பள்ளி நடந்துகொண்டிருந்தது. அன்றைய பாடம் யோனா. கடவுள் ஒரு ஊருக்குப் போகச் சொன்னால் நேர் எதிர்த் திசையில் கப்பல் ஏறிய ஆசாமி. யோனாவாக இருந்த பையனைக் கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்துக்குப் பின்னால் நிற்க வைத்து, அதுதான் குற்றவாளிக் கூண்டு என்று சொன்ன சார், "இவன் கப்பல்ல ஏறுனத யாரு பாத்தது? சாட்சி இல்லாம கேஸு எப்டி நிக்கும்?" என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். அவர் கிழக்கே திரும்பினார். கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, "கடலு... கடலு... கடலூ..." என்று மூன்று முறை கூவினார்.

அதுவரை சோம்பிக் கிடந்த கடலிலிருந்து ஒரு அலை எழுந்து விறுவிறுவென்று மேலே வந்தது. சார் கழற்றிப் போட்டிருந்த செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. சார் கொஞ்சம்கூட அசரவில்லை. "சாட்சி ஆஜர்" என்றார்.

"சார், யோனா போனது மத்தியதரைக் கடல். இது வேற கடல்" என்றான் டேனியல். அவன் அப்பா அணுமின் நிலையத்தில் இன்ஜினீயர், அணுபுரம் குடியிருப்பில் வீடு. குடும்பத்தோடு திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். எங்கள் வகுப்பிலேயே வேதாகமத்தை முழுவதும் படித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் எங்களுக்கு அவனைப் பிடிக்காது.

"கடல்ல இன்னாடா வேற? எல்லாம் ஒரே வூட்டுத் தண்ணி. ஒக்காரு" என்றார் சார். வழக்கு தொடர்ந்தது.

டவாலி என்பது தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போகும் சிவப்புப் பட்டை. நடுவில் பித்தளை வில்லை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்கும் ஊழியரையும் அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்கள். சார் செங்கல்பட்டு கோர்ட்டில் அந்த வேலையில் இருந்தார். வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே நீதிபதி வாரண்ட் போட்டுவிடுவார். வாரத்துக்கு ஆறு நாள் இந்த வேலை. ஏழாவது நாள் எங்களுக்குக் கடவுளின் நீதியைப் பற்றிப் பாடம் எடுப்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. கோர்ட் சொத்தை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புத் துண்டைக் குறுக்கே கட்டி, வில்லைக்குப் பதிலாக பிஸ்கட் டின் மூடியைக் குத்திக்கொண்டு வருவார்.

அவருடைய குரலைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவின. ஒரு நாள் "ராஜேந்திரன்" என்று கூப்பிட்டாராம். வழக்குக்கு உரிய ராஜேந்திரன் வந்தார். எதிர் டீக்கடையில் நாஸ்தா பண்ணிக்கொண்டிருந்த இன்னொரு ராஜேந்திரனும் கை கழுவாமல் ஓடி வந்தார். திருக்கழுக்குன்றம் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த மூன்றாவது ராஜேந்திரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தபடியே வந்து வரிசையில் நின்றாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து அவருக்காகப் பரிந்து பேசியதாகவும் கேள்வி.

ஆனால் வீட்டில் அந்த மனிதர் கிசுகிசுவென்றுதான் பேசுவார். குரலைக் கோர்ட்டுக்காகச் சேர்த்து வைக்கிறார் என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார். சர்ச்சில் பாடுவதற்கு அவருக்குத் தடை இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் வாய் திறந்தபோது பாடகர் குழு, ஆர்மோனியம், மேளம் எல்லாம் காணாமல் போயின. அதிலிருந்து அவர் வாயை மட்டும் அசைப்பார். அப்போதும் போதகர் கொஞ்சம் பயத்தோடுதான் அந்தப் பக்கம் பார்ப்பார்.

அவருடைய கூப்பாட்டில் ஒரு முறை இருந்தது. முதல் இரண்டையும் சட்டென்று முடித்துவிடுவார். மூன்றாவதை இழுப்பார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு அடியோடு தீரும்வரை இழுப்பார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "பஸ்ஸு லேட்டா வந்துருக்கும் பாப்பா. எவனோ ஒருத்தன் கேட்டாண்ட ஓடி வந்துகினு இருப்பான். எம் மூச்சு தீர்ற வரைக்கும் அவனுக்கு டயம் கீது" என்றார்.

அப்படி மூச்சிரைக்க ஓடி வருகிறவர்கள் வாசலில் வெலவெலத்து நிற்பார்கள். அவர்கள் காதருகே குனிந்து, "ஐயா இன்னைக்கு நல்ல மூட்ல கீறாரு. தைரியமா போ" என்பார். எல்லோரிடமும் இதையேதான் சொல்வார். நீதிபதி ஐயா முந்தின நிமிஷம்தான் பேனாவை வீசி எறிந்திருப்பார்.

இப்படிப்பட்டவர் பைபிளைத் திறந்தால் அவர் கண்ணில் என்ன படும்? முதல் பக்கங்களிலேயே ஒரு டவாலியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆதாம் பழத்தைத் தின்றுவிட்டுச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். கடவுள் தோட்டத்துக்கு வந்து, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். "பாத்தீங்களாடா? தீர்ப்பு அப்பறந்தான் சொன்னாரு. மொதல்ல இன்னா செஞ்சாரு? பேரு சொல்லிக் கூப்புட்டாரு. ஒலகத்துல மொத டவாலி ஆண்டவருதான்" என்று சொல்லி, தன் பிஸ்கட் மூடியைத் துண்டு நுனியால் துடைத்துக்கொண்டார்.

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே சார், ஆதாம் எங்க ஒளிஞ்சிருக்கான்னு தெரியாதா?" என்றான் டேனியல்.

"எங்க ஐயாவுக்குந்தான் தெரியும், எல்லாம் கேஸு கட்டுல கீது. ஆனாலும் பேரு சொல்லிக் கூப்புடணும்டா. கூப்புட்டாத்தான் அவன் எழுந்து வருவான். கழுத்தப் புடிச்சு இஸ்துகினு வர்றதுக்குப் பேரு ஞாயம் இல்ல."

கோயிலில் படுத்துத் தூங்கிய சிறுவன் சாமுவேலின் கதையிலும் இதே தகராறு வந்தது. கடவுள் சாமுவேலை மூன்று முறை கூப்பிட்டார் என்று சார் பெருமையாகச் சொன்னபோது, டேனியல் கையைத் தூக்கினான். "மூணு தடவையும் அவனுக்குப் புரியல சார். வயசான குரு ஏலிதான் கூப்பிடுதாருன்னு அவர்கிட்ட ஓடிட்டான். நாலாவது தடவ கூப்பிட்ட பெறகுதான் பதில் சொன்னான். போட்டிருக்கு, பாருங்க." சார் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூர வைத்துப் பார்த்தார். நாலுதான். "நாலாவது கூப்புட்டது அவரோட பெருந்தன்மைடா. நம்ம கோர்ட்டுல மூணோட சரி" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த 'நாலு' அவரைத் தொந்தரவு செய்தது என்பது மட்டும் எங்களுக்கே தெரிந்தது. வகுப்பு முடிந்து துண்டை அவிழ்க்கும்போதும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் கனவு மாதிரி இருக்கிறது. சவுக்கு மரங்களுக்கு இடையே வெயில் கோடு கோடாக இறங்கும். அலைச் சத்தத்தில் சின்னப் பிள்ளைகள் மணலிலேயே சாய்ந்து தூங்கிவிடுவார்கள். காலையில் குடித்த நீராகாரமும் கடல் காற்றும் சேர்ந்து எனக்கும் கண்ணைச் சொக்கும். அரைத்தூக்கத்தில் கடவுளும் கடலும் கோர்ட்டும் ஒன்றாகக் குழம்பும். என் கனவில் வந்த பரலோகத்தில் கறுப்புக் கோட்டு போட்ட தேவதூதர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கிறீச் கிறீச்சென்று ஒரு மின்விசிறி சுற்றியது. கீழே வராந்தாவெல்லாம் அலை வந்து வந்து போனது. யாரும் அவசரப்படவில்லை.

நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "எக்காளம் ஊதுவாங்கன்னு போட்டுகீது. சரி, ஊதட்டும். அவ்ளோ கும்பல்ல பேரு கூப்புட்றது யாரு?" தினமும் ஜெபத்தில் அந்த வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருப்பதாக எங்களிடம் சொன்னார். அனுபவம் இருப்பதால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

இந்தப் பாடங்களின் விளைவு வீடுகளில் தெரிந்தது. ஒரு பையன் அம்மா அடிக்க வந்தபோது வாய்தா கேட்டான். ஒருமுறை எங்கள் சர்ச்சைப் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர், வெள்ளை அங்கியோடு எங்கள் முன்னால் வந்து நின்று, "குழந்தைகளே, இயேசு நமக்கு யார்?" என்று இனிமையாகக் கேட்டார். நல்ல மேய்ப்பர், இரட்சகர் என்று ஏதாவது சொல்லும்படி போதகர் கண்ணால் ஜாடை காட்டினார். நாங்கள் ஒரே குரலில் "ஜாமீன்தாரர்" என்றோம். போதகர் முகம் வெளுத்துவிட்டது. பெரியவர் தாடியைத் தடவியபடி யோசித்து, "பிணையாளி என்று வேதத்திலேயே இருக்கிறது. தவறில்லை" என்று சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக ஜீப்பில் ஏறினார்.

வகுப்பில் நான்தான் குள்ளம் என்பதால் சகேயு வேஷம் எனக்கு. ஊராரை ஏய்த்துப் பிழைத்த குள்ளன் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள, இயேசு பேர் சொல்லிக் கீழே இறங்கச் சொல்லும் கதை. நான் பூவரச மரத்தில் ஏறியதோடு சரி, இறங்கத் தெரியவில்லை. சார் கீழே நின்று மூன்று முறை கூப்பிட்டதில் கிளையே அதிர்ந்தது. பொத்தென்று விழுந்தேன். என் முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சார் பாடத்தை முடித்தார். "சகேயு கீழ எறங்கி வந்து, தப்புதாங்க, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போய்த் தூங்கல. எதைக் கெடுத்தானோ அதை நிமித்திக் குடுத்தான். ரெண்டும் சேந்தாத்தான் கேஸு முடியும் ரூபி." ரூபி என்பது நான்.

எனக்கு அப்போது தெரியாது, அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கே வரப்போகிறது என்று.

எங்கள் அப்பா சூசை வேன் டிரைவர். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து கற்சிலைகளை ஏற்றிக்கொண்டு போவார். வாரம் முழுவதும் பிள்ளையாரோடும் முருகனோடும் திரிபவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரமாட்டார். "ஆறு நாளும் சாமி கூடத்தான கீறேன், ஒரு நாளாவது விடுங்கடி" என்பார். நல்ல மனுஷன். ஆனால் பயந்த சுபாவம்.

ஒரு விடியற்காலையில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் அவருடைய வேன், பால்கார முனுசாமியின் சைக்கிளை இடித்துவிட்டது. பால் ரோடெல்லாம் ஓடிற்று. முனுசாமிக்குக் கால் எலும்பு முறிந்தது. அப்பா நிறுத்தவில்லை. வேனுக்குள் ஆளுயர நந்தி ஒன்று இருந்ததாம். சட்டென்று பிரேக் போட்டால் அது தன் முதுகில் வந்து ஏறிவிடும் என்று பயந்தாராம். முதல் நிமிஷத்துக்கு இதை ஒத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் நிற்காமல் ஊர் போய்ச் சேர்ந்தாரே, அதற்கு நந்தி என்ன செய்யும் பாவம். அவ்வளவு பெரிய நந்தியோடு போன வண்டியைப் போலீஸ் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டது.

வழக்கு செங்கல்பட்டுக்குப் போயிற்று. 'நான் இடிக்கவில்லை' என்றே சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்தார். அப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டே அதைப் பாடம் செய்தார். சோறு இறங்கவில்லை. எனக்கோ செங்கல்பட்டு ஐயாவை நினைத்து அவ்வளவு பயம் இல்லை. மேலே இருக்கிற ஐயாவை நினைத்தால்தான் பயம். அவரிடம் வக்கீல் வேலை நடக்காதே. அப்பாவை அவர் என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகை வரும்.

ஞாயிறு வகுப்பில் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். "சார், ஒருத்தர் தெரியாம பால்காரரு மேல வண்டிய உட்டுட்டாருன்னா, ஆண்டவரு இன்னா சார் செய்வாரு?"

சாருக்குத் தெரியாதா? வழக்குக் கட்டே அவர் கையில்தானே இருக்கிறது. ஆனாலும் தெரியாதவர் போலவே விசாரித்தார். "இடிச்சுட்டு நின்னாரா, போயிட்டாரா?"

"போயிட்டாரு சார்."

அவர் மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோர்ட் குரலை விட்டுவிட்டு, வீட்டில் பேசும் கிசுகிசுக் குரலில் பேசினார். "ஆண்டவரு மொதல்ல கீழ வுழுந்து கெடக்குறவராண்ட போவாரு பாப்பா. அடி பட்டுதா, வலிக்குதான்னு கேப்பாரு. அது ஞாயம்தான? அப்பறம் எழுந்து, ஓடிப்போனவரப் பேரு சொல்லிக் கூப்புடுவாரு. அவருக்கு ரெண்டு பேருமே வேணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர உட்டுட மாட்டாரு."

"கூப்புட்டும் வரலைன்னா?"

அவர் என் தலையில் ஒட்டியிருந்த சவுக்கு ஊசிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வழக்கு நாளன்று அப்பா விடிந்ததும் கிளம்பிவிட்டார். "நீங்க பின்னால வாங்க, நான் நேரா அங்க வந்துட்றேன்" என்று அம்மாவிடம் சொன்னார். நானும் அம்மாவும் கோர்ட் வராந்தாவில் போய் நின்றபோது அவரைக் காணோம். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு முனுசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மின்விசிறி ஓடவில்லை. நீதிபதி கொதித்துக்கொண்டிருப்பது வெளியே வரை கேட்டது. அம்மா முந்தானையைக் கடித்தபடி, "எங்க போச்சு இந்த மனுஷன்" என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவாலி சார் வாசலுக்கு வந்தார். நிஜப் பட்டை, நிஜ வில்லை. எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்று, "சூசைராஜ்" என்றார். யாரும் வரவில்லை. "சூசைராஜ்." கேட்டில் ஒரு மாடுதான் நின்றது. மூன்றாவதை எடுத்தார். அப்படி ஒரு இழுவையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. காக்கைகள் மரத்தை விட்டு எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன. அப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மூச்சு தீர்ந்துபோய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். கேட்டில் மாடு மட்டும்தான்.

அவர் உள்ளே திரும்பப் போனார். உள்ளே போய் ஆள் வரவில்லை என்று சொன்னால் வாரண்ட். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். "சார், சாமுவேலுக்கு நாலு சார்."

என்னைக் குனிந்து பார்த்தார். உள்ளே பார்த்தார். பிறகு வராந்தாவின் விளிம்புக்கு வந்து, கையைக் காதோரம் வைத்து, கோர்ட்டில் யாருமே கேட்டிராத ஒரு குரலில், சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவார்களே, அப்படிக் கூப்பிட்டார். "யப்பா சூசை... வா நைனா..."

கோர்ட்டுக்கு வெளியே ரோட்டில் மதுராந்தகம் பஸ் ஒன்று நெரிசலில் மாட்டி நின்றிருந்தது. காலையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, அதில்தான் அப்பா ஏறியிருந்தார். படாளத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வதாகத் திட்டம். பிறகு எத்தனையோ முறை இதை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். "மூணும் கேட்டுச்சு. கம்பியக் கெட்டியாப் புடிச்சுகினு ஒக்காந்துட்டேன். மூணு முடிஞ்சுது, அவ்ளோதான், இனிமே எவன் கூப்புடுவான்னு இருந்தேன். நாலாவது வந்துது பாரு. அது கோர்ட்டு கூப்புட்ற மாதிரி இல்ல. நம்ம வூட்டாளு கூப்புட்ற மாதிரி இருந்துது. எப்டி எறங்குனேன்னே தெர்ல."

செருப்பில்லாத காலோடு அப்பா கேட்டுக்குள் ஓடி வந்தார். வாசற்படி ஏறாமல் நின்றார். சார் அவர் காதில் சொன்னதை நான் கேட்டேன். "ஐயா நல்ல மூட்ல கீறாரு. போ."

அப்போதுதான் உள்ளேயிருந்து ஐயாவின் குரல் சீறிக்கொண்டு வந்தது. "டவாலி, எத்தனை தடவை கூப்பிடுகிறீர்?"

"மூணுதாங்க ஐயா. மொத கூப்பாடு காத்துல போயிடுச்சு."

அப்பா கூண்டில் ஏறினார். நாட்கணக்கில் பாடம் செய்திருந்ததை மறந்துவிட்டு, "நான்தாங்க இடிச்சேன். நிக்காம போயிட்டேன்" என்றார். வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தன. லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம்வரை அப்பா சுவரோரம் நின்றார். கோர்ட் கலைந்ததும் நேராக முனுசாமியிடம் போனார்.

"இடிச்சதுல கூட எனக்குக் கோவம் இல்லப்பா" என்றார் முனுசாமி. "திரும்பிப் பாக்காம போன பாரு, அதான் வவுறு எரியுது."

"இன்னா செய்யட்டும், சொல்லு."

"காலைல வூடு வூடா பாலு ஊத்த ஆளு இல்ல."

மறுநாளிலிருந்து அப்பா முனுசாமியின் சைக்கிளில் பால் ஊற்றப் போனார். நந்தியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வேன் ஓட்டியவருக்கு சைக்கிள் வரவில்லை. முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனார். "சூசை கொண்டு போனா பாலு தயிரா போய்ச் சேருது" என்று முனுசாமி ஊரெல்லாம் சொன்னார். ஆனால் கால் சரியாகி அவர் நடக்கிறவரை ஒரு நாளும் அப்பா நிறுத்தவில்லை. நான் அவரை முதல் தடவையாகப் பயம் இல்லாத முகத்தோடு பார்த்தது அந்தப் பால் சைக்கிளில்தான்.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டவாலி சார் விடுவாரா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புத் துண்டு இல்லாமல் வந்தார். நேராகக் கட்டுமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். "இன்னைக்குக் கேஸு எம் மேல" என்றார். டேனியலை நீதிபதியாக்கினார். என்னைப் பெயர் கூப்பிடச் சொன்னார். அன்றுதான் அவருடைய பெயர் எங்களுக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எதிரே நிற்கிற மனிதரை நான் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவதை மூச்சு தீரும்வரை இழுத்தேன். அது முடியும்வரை காத்திருந்து, "ஆஜர்" என்றார்.

"ஐயா கேட்டதுக்கு மூணுன்னு சொன்னேன். நாலு. காத்து மேல பழி போட்டேன். பொய்யி."

டேனியலுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "நல்லதுக்குத்தான சார் சொன்னிய?"

"நல்லதுக்குக் கூப்புட்டேன். அது சரி. பொய்யி எனக்காகச் சொன்னேன், வேலை பூடும்னு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்டா. அதுக்குப் பேருதான் ஞாயம்."

"குத்தவாளி ஒத்துக்கிட்டா இன்னா கேக்கணும்?" என்று சாரே எடுத்துக்கொடுத்தார். "ஜாமீன் யாரு?" என்றான் டேனியல் மெதுவாக. தூங்கிக்கொண்டிருந்த சின்னதுகள் உட்பட எல்லோரும் கையைத் தூக்கினோம். சார் தலையை ஆட்டினார். "நீங்கள்லாம் மைனரு. செல்லாது."

அப்போது தோப்பு ஓரத்தில் காலிப் பால் கேன் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு, கையைப் பாதி தூக்கி, "நான் மேஜருதான சார்?" என்றார்.

டவாலி சாருக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குரல் ஒன்றுமில்லாமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. அப்பா ஓடிப்போகவில்லை, தானாகவே வந்து நின்றார் என்பதற்காகத்தான்.

டேனியல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "கிளாஸ் கலையும்வரை குற்றவாளி நிக்கணும்." உடனே எழுந்து டிராயரில் ஒட்டிய மணலைத் தட்டினான். "கிளாஸ் கலைஞ்சிட்டு." அன்றிலிருந்து டேனியலை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

டவாலி சார் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஜெபத்தில் போட்ட மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வேலை கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அவரைவிடத் தகுதியான ஆள் அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? நான் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. நான் எழுதும் இந்தப் பக்கத்துக்காக வாராவாரம் காத்திருக்கும் பத்திரிகை ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். அந்தக் கடைசித் தீர்ப்பு நாளிலும் எந்த பஸ்ஸிலாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று கூப்பாடும் முடிந்துவிடும். பரவாயில்லை. வாசலில் அவர்தான் நிற்பார். நாலாவது கூப்பிடாமல் உள்ளே திரும்பிப் போகமாட்டார்.